பாலக்கரை முதல் வேளாங்கண்ணி வரை: ஆண்கள் நடக்கும் வழி

முதல் நாள்: பாலக்கரை – துவாக்குடி, சுமார் 19 கி.மீ.

அதிகாலை மூன்றரை மணிக்குத் திருச்சி பாலக்கரை சகாய மாதா கோயில் வாசலிலிருந்து புறப்பாடு. ஆகஸ்ட் பிற்பாதியில் இங்கிருந்து கிழக்கே போகும் சாலையில் காவி உடுத்தி, சின்னச் சப்பரம் தள்ளிக்கொண்டு, 'மரியே வாழ்க' என்று சொல்லிப்போகும் கூட்டங்கள் ஓய்வதில்லை. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 மாலை பெரிய தேர், 8 திருவிழா. இந்தக் குறிப்புகள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே போகும் வேறு வகைக் குழுவுக்கானவை. குடியிலும் கோபத்திலும் சாவுத் துக்கத்திலும் வேலை போன அவமானத்திலும் நொந்துபோன ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு சாமியாரோ (பாதிரியார்) அனுபவப்பட்ட இரண்டு பொதுநிலையினரோ (சாமியார் அல்லாத விசுவாசிகள்) கூட வர, கொடியேற்றத்துக்கு முன்பே போய்ச் சேரும்படி நடப்பது. கொடி ஏறிவிட்டால் அங்கே படுக்க இடமிருக்காது, பேசவும் அமைதி இருக்காது. ஒவ்வொரு நாள் இரவும் தங்குமிடத்தில் எழுதிப் போடுகிறோம். அடுத்து நடத்தப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

ஏன் நடை? நாற்காலியில் எதிரெதிரே உட்காரவைத்து 'மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க' என்றால் நம் ஊர் ஆண்களில் பலர் வாய் திறக்க மாட்டார்கள். தோளோடு தோளாக, முகம் பார்க்காமல், இருட்டில் நடக்கும்போது பேச்சு தானாக வருகிறது.

முதல் நாளுக்கான வேதப்பகுதி 1 அரசர் 19. எலியா இறைவாக்கினர் உயிருக்குப் பயந்து ஓடி, பாலைவனத்தில் ஒரு செடியின் அடியில் விழுந்து, 'போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்கிறார். கடவுள் அப்போது அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தூதர் தட்டி எழுப்புகிறார். சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை, அதற்கும் பிறகுதான் 'நீ இங்கே என்ன செய்கிறாய்?' என்ற கேள்வி. எங்கள் வரிசையும் இதுவே: முதலில் உடம்பு, அடுத்து உண்மை, கடைசியில் பணி. இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே 'உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன?' என்று கேட்கும் தியானங்கள் ஆள்களை இன்னும் நோகடித்து அனுப்புகின்றன.

ஆகவே இன்று முழுக்க உடம்பு.

தினமும் குடிக்கும் ஒருவர் 'மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்' என்று புறப்படும் நாளன்று சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை பிதற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது, காய்ச்சல் என்று முற்றலாம். இது பேய் அல்ல, நம்பிக்கைக் குறைவும் அல்ல, மூளை மதுவில்லாமல் தடுமாறுவது. அப்படிப்பட்டவரை யாத்திரைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ போதை மீட்பு மையத்துக்கோ அழைத்துப்போய், மருத்துவ மேற்பார்வையில் நிறுத்தவைத்து, டாக்டர் 'நடக்கலாம்' என்ற பிறகே சேர்க்க வேண்டும். வழியில் ஒருவருக்குக் கை நடுங்கி, கண் மிரண்டால் ஜெபித்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-க்குப் போன் போட்டுவிட்டு ஜெபியுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டே நடக்க வேண்டும். நீண்ட நடையில் சர்க்கரை இறங்கிவிடும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறுங்கால் நேர்ச்சை அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் விழுந்தாலும் தெரியாது. மற்றவர்கள் வெறுங்காலோடு நடப்பதானால் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், தார் அதற்குப் பிறகு சுடும். செருப்போ ஷூவோ போட்டால் புதிது கூடாது, குறைந்தது ஒரு மாதம் பழகியிருக்க வேண்டும். கொப்புளத்தைக் கிழிக்காதீர்கள். வலி தாங்கவில்லையென்றால் ஸ்பிரிட் தடவிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் எடுத்து, தோலை அப்படியே விட்டு ஒட்டுங்கள். சர்க்கரைக்காரர் அதையும் செய்யக் கூடாது. தொடை இடுக்கு உரசிப் புண்ணாவதைப் பற்றி யாரும் வெட்கத்தால் சொல்வதில்லை, இரண்டாம் நாள் நடக்க முடியாமல் நிற்பவர்களில் பலருக்குக் காரணம் அதுதான். புறப்படும் முன் வேஸ்லின் தடவினால் தீர்ந்தது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. சிறுநீர் மஞ்சள் கறுத்தால் உட்காரவையுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீர் வற்றிய உடம்பில், வலி மாத்திரையை அடுக்கடுக்காகப் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்க ஓரத்தில், இரண்டிரண்டு பேராக. சர்வீஸ் ரோடு இருந்தால் அதில். முன்னால் போகிறவரிடம் கொடியும் வெள்ளை டார்ச்சும், கடைசி ஆளிடம் சிவப்பு விளக்கும். எல்லாருக்கும் மின்னும் பட்டை வைத்த மேலங்கி. காவி இருட்டில் தெரியாது. பாத யாத்திரையில் பின்னாலிருந்து வரும் வண்டியில் அடிபட்டுச் சாகிறவர்கள் உண்டு.

திருவெறும்பூர் தாண்டி ஒன்பது மணிக்குள் துவாக்குடி. இரவு எட்டரைக்குத் தூக்கம். ஜெபம் பத்து நிமிடம் போதும்.

இரண்டாம் நாள்: துவாக்குடி – செங்கிப்பட்டி – வல்லம், சுமார் 25 கி.மீ.

நான்குவழிச் சாலை, மேட்டுநிலம், நிழல் குறைவு. இதுதான் வழியிலேயே கடினமான பகுதி. பத்து மணிக்குள் செங்கிப்பட்டி சேர்ந்து, மாலை நான்கு வரை படுத்துவிட்டு, மீதியை இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும்.

செங்கிப்பட்டியில் சானடோரியம் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. காசநோய்க்காரர்களுக்காக ஊருக்கு வெளியே காற்றோட்டமாகக் கட்டிய மருத்துவமனையால் வந்த பெயர். மதிய ஓய்வில் பேச வேண்டியதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, உடம்பு தேறி, 'சரியாயிடுச்சு' என்று தோன்றும். அப்போது நிறுத்தினவர்களுக்கு நோய் திரும்பி வரும், மருந்துக்கு அடங்காமலும் வரும். மனக்காயமும் அப்படித்தான். வேளாங்கண்ணியில் அழுது தீர்த்ததும் மனம் லேசாகும். அந்த லேசு இரண்டாம் மாதத்துத் தேறுதல் மட்டுமே.

மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாத்திரையில் ஒரு வேளையும் விடக் கூடாது. 'விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு?' என்று மேடையில் கேட்கிறவர்களைப் பற்றி ஒன்றே சொல்வோம்: அது பொய், ஆள்களைக் கொல்லும் பொய். கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள சீராக்கின் ஞானம் என்ற நூலின் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, ஆண்டவரே மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தார் என்கிறது, அதே மூச்சில் நோயில் ஜெபிக்கவும் சொல்கிறது. மாத்திரைப் பெட்டியை ஒருவர் பொறுப்பில் வைத்து இரவுச் சாப்பாட்டின்போது எல்லாருக்கும் நினைவூட்டுங்கள்.

இன்று மாலையிலிருந்து ஜோடிப் பேச்சு தொடங்குகிறது. முறை எளிது. ஒரு 53 மணி ஜெபமாலை நிதானமாகச் சொல்ல இருபது நிமிடம், அதற்குள் ஒன்றரை கி.மீ. போய்விடும். அது முடிந்ததும் அடுத்த ஒன்றரை கி.மீ. ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும். பிறகு ஒரு ஜெபமாலை. பிறகு முறை மாறும். சிஎஸ்ஐ (ஜெபமாலை சொல்லாத தென்னிந்தியத் திருச்சபை) சகோதரர்கள் கூட வந்தால் ஜெபமாலை நேரத்தில் ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வரட்டும், வற்புறுத்த வேண்டாம். கேட்கிறவருக்குத்தான் சட்டம் அதிகம்: புத்தி சொல்லக் கூடாது. 'எனக்கும் இப்படித்தான்' என்று பேச்சைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது. வேத வசனத்தை எடுத்து அழுகையை அடைக்கக் கூடாது. 'அப்புறம்ணே?' என்று மட்டும் கேட்கலாம். கேட்டது வேறு எங்கும் போகக் கூடாது, அவர் மனைவியிடம்கூட.

விலக்கு ஒன்றுண்டு, அதை முதலிலேயே எல்லார் முன்னும் சொல்லிவிடுங்கள். ஒருவர் சாகப்போவதாகவோ யாரையாவது கொல்லப்போவதாகவோ சொன்னால், அல்லது ஒரு பிள்ளைக்கு ஆபத்து இருப்பது தெரிந்தால், பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். 'தற்கொலை செஞ்சுக்கணும்னு தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் விதைந்துவிடும் என்பது தவறு. கேட்ட பிறகே பலர் மூச்சுவிடுகிறார்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வழி எதை யோசித்திருக்கிறார் என்று கேட்டு அதை அவர் கைக்கு எட்டாமல் செய்யுங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. பிள்ளைகள் விஷயமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

மூன்றாம் நாள்: வல்லம் – தஞ்சாவூர், சுமார் 12 கி.மீ.

வேண்டுமென்றே குறைத்த தூரம். ஏழு மணிக்கே நகரத்துக்குள் வந்துவிடலாம். மீதி நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் தனியே பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு. தஞ்சை திரு இருதய பேராலயத்திலோ நகரத்தின் வேறு பங்கிலோ முன்கூட்டியே பேசி, ஆளுக்குப் பதினைந்து நிமிடமாவது கிடைக்கும்படி ஒரு சாமியாரைக் கேட்டுவையுங்கள். வேளாங்கண்ணியில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அங்கே யாத்திரிகர் வரிசையில் இரண்டு நிமிடமும் கிடைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. சொல்லி முடித்த பிறகு நடக்க இன்னும் நான்கு நாள் வழி மிச்சம் இருக்க வேண்டும்.

முதலில் புலம்பல், பிறகுதான் பாவசங்கீர்த்தனம். தனக்கு நேர்ந்ததைச் சொல்லி அழாத மனிதன் தான் செய்ததை நேர்மையாகச் சொல்வது கடினம். திருப்பாடல் (சங்கீதம்) 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். 'எத்தனை நாள்?' என்று நான்கு தடவை கேட்கிறது, பிறகு 'என்னைப் பாரும்' என்று கெஞ்சுகிறது, கடைசியில் நம்புகிறது. அதே மூன்று அடுக்கில் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் தம் சொந்தப் புலம்பலை எழுதட்டும். எழுத வராதவர் சொல்ல ஜோடி எழுதலாம். மூன்றாம் அடுக்கு வரவில்லையென்றால் வரவழைக்க வேண்டாம். திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. மகனைப் பறிகொடுத்தவரிடம் 'ஆண்டவர் சித்தம்' என்று சொல்லத் துடிக்கும் நாக்கை இன்று கட்டிப்போடுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தார்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஞானோபதேசத்தில் (மறைக்கல்வி வகுப்பில்) படித்த ஐந்தும் அப்படியே செல்லும்: ஆன்ம சோதனை (செய்ததை நினைத்துப் பார்த்தல்), மனஸ்தாபம் (அதற்கு வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்யேன் என்ற உறுதி), சொல்லுதல், பரிகாரம். ஆண்கள் தடுக்கி விழுவது நான்காவதில். 'கோபம் வரும் ஃபாதர், குடிப்பேன் ஃபாதர்' என்று பெயரில்லாமல் சொல்லி எழுந்துவிடுவார்கள். செய்ததைச் செய்த வார்த்தையில் சொல்ல வேண்டும்: மனைவியைக் கைநீட்டி அடித்தேன், இத்தனை வருஷமாக. பிள்ளையின் ஃபீஸ் பணத்தை எடுத்துக் குடித்தேன். மனைவியின் பாவத்தையும் மாமனாரின் பாவத்தையும் அங்கே சொல்ல வேண்டாம். காகிதத்தில் குறித்துப் போவதில் தவறில்லை. வெளியே வந்ததும் கிழித்துவிடுங்கள்.

சிறுவயதில் தன்னிடம் யாராவது தவறாக நடந்துகொண்டதை முப்பது வருடம் மூடிவைத்திருந்து, அதைத் தன் பாவமாக நினைத்துச் சொல்ல வருகிறவர்கள் உண்டு. ஆண்களில் இது நாம் நினைப்பதைவிடப் பரவலானது. பொறுப்பாளர்கள் இதை எல்லார் முன்னும், யாரையும் பார்க்காமல், காலையிலேயே பொதுவாகச் சொல்லிவிட வேண்டும்: 'உனக்குச் செய்யப்பட்டது உன் பாவம் அல்ல. அதற்குப் பாவமன்னிப்புத் தேவையில்லை.' அதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர், பல மாதங்கள். பாவசங்கீர்த்தனத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

மாலை நடை இல்லை. துணி துவைத்தல், கால் பார்த்தல்.

நான்காம் நாள்: தஞ்சாவூர் – அம்மாப்பேட்டை, சுமார் 20 கி.மீ.

இங்கிருந்து நிலம் மாறுகிறது. வாய்க்கால், வயல், மரநிழல். சாலியமங்கலம் வரை அதிகாலையிலேயே போய்விடலாம். தண்ணீர் ஓடும் வாய்க்காலில் காலை நனைத்து உட்காருவது சுகம்தான், ஆனால் கொப்புளம் திறந்திருந்தால் வேண்டாம். ஈரக் காலைத் துடைக்காமல் செருப்புக்குள் விட்டால் புதுக் கொப்புளம் வரும்.

நான்காம் நாள் சரிவு நாள். நேற்றைய லேசு போயிருக்கும், உடம்பு வலிக்கும், 'எதுக்கு வந்தோம், பஸ் பிடிச்சுப் போயிடலாம்' என்று தோன்றும். இரண்டு பேர் சண்டை போடுவதும் இன்றுதான். 1521-இல் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்த போர்வீரர் இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய புனிதர்), அந்தப் படுக்கையிலேயே தன் மனம் ஏறுவதையும் இறங்குவதையும் கவனிக்கப் பழகினார். அவர் தந்த விதி இன்றைக்கு: மனம் வறண்ட நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. திரும்பிப்போவதைப் பற்றி நாளைக் காலை சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று தள்ளுங்கள். காய்ச்சலோ, நெஞ்சுவலியோ, கால் வீக்கமோ இருந்தால் இந்த விதி பொருந்தாது. வண்டி ஏற்றி அனுப்புங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இரவு ஆன்ம சோதனை பதினைந்து நிமிடம்: நன்றி, ஒளி கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், வருத்தம், நாளைக்கு ஒரு காரியம். ஒன்றே ஒன்று.

ஐந்தாம் நாள்: அம்மாப்பேட்டை – நீடாமங்கலம் – கொரடாச்சேரி, சுமார் 25 கி.மீ.

டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. இடைத்தங்கல் இடங்களைக் கடைக்கு அருகே வைக்காதீர்கள். இதற்காகவே ஒருவர் முந்தின வாரம் பைக்கில் வழி முழுவதும் பார்த்துவர வேண்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை கைக்கு வேலை கொடுங்கள்: காய் நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், சப்பர விளக்குக்குப் பேட்டரி மாற்றுதல். வழியில் யாத்திரிகர்களுக்குக் கொடுக்கும் மோரும் பானகமும் தாராளமாக வாங்கலாம். மூடாத பாத்திரத்துத் தண்ணீரை மட்டும் தவிருங்கள்.

இன்றைய வேலை மன்னிப்புக் கேட்கும் கடிதம். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) குழுக்களின் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் இதைத்தான் சொல்கின்றன: தீங்கு செய்தவர்களைப் பட்டியலிடு, முடிந்தவரை நேரடியாக ஈடுசெய், ஆனால் அது அவர்களையோ பிறரையோ இன்னும் காயப்படுத்துமென்றால் செய்யாதே. கடிதத்தில் நான்கு இருக்க வேண்டும்: என்ன செய்தேன், அது உன்னை என்ன செய்தது, என்ன ஈடுசெய்வேன், பதில் உன் விருப்பம். 'ஆனா நீயும்' என்று ஒரு வரி வந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். 'மன்னிச்சிடு, இல்லன்னா செத்துருவேன்' என்பது மன்னிப்புக் கேட்பது அல்ல, மிரட்டல்.

அடி வாங்கிய மனைவி தாய்வீட்டில் இருக்கிறாள் என்றால், கணவன் யாத்திரை போய்வந்தான் என்பதற்காக அவள் திரும்பி வரக் கடன்படவில்லை. இதில் பங்குச் சாமியார்களும் பெரியவர்களும் அவசரப்பட்டுச் சேர்த்துவைக்கப் பார்ப்பதைத் தடுக்க வேண்டும். ஒரு வருடம் குடியும் அடியும் இல்லாமல் இருந்துகாட்டுவது, செலவுக்குப் பணம் தவறாமல் அனுப்புவது, இவையே பரிகாரம். கடிதத்தை இப்போது அனுப்ப வேண்டாம். வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து ஆலோசகரோடு உட்கார்ந்து படித்த பிறகே.

இறந்துபோன அப்பாவுக்கும் இன்றே எழுதலாம். மன்னிக்க முடியவில்லையென்றால் முடியவில்லை என்றே எழுதுங்கள்.

ஆறாம் நாள்: கொரடாச்சேரி – திருவாரூர் – கீழ்வேளூர், சுமார் 24 கி.மீ.

திருவாரூரைக் காலை ஏழுக்குள் கடந்துவிடுங்கள், பிறகு பஸ் நெரிசல்.

கீழ்வேளூர் பக்கம் வந்தாகிவிட்டது என்றால் கீழ்வெண்மணி அருகில் இருக்கிறது என்று பொருள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் பிள்ளைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கிறிஸ்து பிறப்பு இரவு அது. இந்த வட்டாரத்தில் நடந்துபோகும் கிறிஸ்தவ ஆண்கள் குழு அதைப் பேசாமல் கடக்கக் கூடாது. எல்லாக் காயமும் மனசுக்குள் தொடங்கியது அல்ல. சில காயங்கள் தெருவும் சாதியும் தந்தவை. அப்படிக் காயப்பட்டவரிடம் 'மன்னித்துவிடு தம்பி' என்று முதல் வார்த்தையாகச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

நடைமுறையில்: யாத்திரைக் குழுக்களிலும் சாதி பந்தியிலும் பாய் விரிக்கும் இடத்திலும் தெரியும். ஒரே பானைச் சோறு, தினமும் மாறும் ஜோடி, சீட்டுப் போட்டுச் சமையல் முறை. கழிவறை கழுவும் முறை பொறுப்பாளரிலிருந்து தொடங்கட்டும். மறுக்கிறவரைக் கெஞ்சித் தக்கவைக்க வேண்டாம்.

ஏழாம் நாள்: கீழ்வேளூர் – நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி, சுமார் 23 கி.மீ.

கீழ்வேளூரிலிருந்து குறுக்கே போகும் சாலை உண்டு. நாங்கள் நாகை வழியாகவே போகச் சொல்கிறோம். காரணம் மோர்க்காரச் சிறுவன்.

வேளாங்கண்ணி மரபு இப்படி: அவ்வூரின் நடுத்திட்டு என்ற இடத்தில் ஆலமரத்தடியில் கால் ஊனமான ஒரு பையன் மோர் விற்றுக்கொண்டிருக்கிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து குழந்தைக்கு மோர் கேட்கிறாள். கொடுக்கிறான். நாகப்பட்டினத்தில் இருக்கும் ஒரு கத்தோலிக்கரிடம் போய், தனக்கு இங்கே ஒரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். 'என்னால் நடக்க முடியாதே' என்கிறான். எழுந்து போ என்கிறாள். எழுகிறான், ஓடுகிறான். ஆரோக்கிய மாதா என்ற பெயர் அதிலிருந்து. குணமாகிவிட்டது, இனி உன் வாழ்க்கையை யோசி என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லச் சொன்ன சேதியைச் சொல்ல எழுந்தபோதுதான் கால் நேரானதே தெரிந்தது. 'முழுசா சரியானதும் ஏதாவது செய்றேன்' என்று பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு இந்தக் கடைசிப் பத்துப் பதினோரு கி.மீ.யைவிட நல்ல பாடம் கிடையாது. அவன் ஓடின வழியிலேயே, எதிர்த்திசையில் நடக்கிறோம். இன்று ஜோடிப் பேச்சு வேண்டாம். நாகை தாண்டியதும் மௌனம், கையில் ஒரு கேள்வி: என்னிடம் யார், எதைக் கேட்டு நிற்கிறார்கள்?

நாகையில் இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே இந்த மாவட்டத்தில்தான் சாவு அதிகம், ஆறாயிரத்துக்கு மேல். வேளாங்கண்ணியில் கடற்கரைப் பக்கம் நின்ற யாத்திரிகர்களும் கடைக்காரர்களும் நூற்றுக்கணக்கில் போனார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அற்புதமாகச் சொல்கிறவர்கள், கேட்டுக்கொண்டிருப்பவரின் வீட்டில் யார் போனார்கள் என்று தெரியாமல் அதைச் சொல்ல வேண்டாம்.

வந்து சேர்ந்ததும் உடனே வரிசையில் நிற்காமல் குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மாதா குளம் போகும் மணல் பாதையில் முழந்தாளில் போக நேர்ந்தவர்கள் மறுநாள் காலை ஆறு மணிக்கு, முட்டியில் துணி சுற்றிக்கொண்டு போகலாம். முட்டி தேய்மானம் உள்ளவர்கள் நடந்தே போகட்டும், மாதா ஒப்புக்கொள்வார்.

எட்டாம் நாள்: வேளாங்கண்ணி, திரும்புதல்

காலைத் திருப்பலி முடிந்து, ஒரு மணி நேரம் கடைசி உட்காருதல். மறுபடி எலியா. ஓரேபில் கடவுள் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார். எலியாவும் ஒரே புலம்பலை இரண்டு தடவை சொல்கிறார். அதற்குக் கிடைத்த பதிலில் விளக்கம் இல்லை. போக வேண்டிய வழி இருந்தது, அருள்பொழிவு செய்ய வேண்டிய மூன்று பேர் பெயர் இருந்தது: அசாவேல், ஏகூ, எலிசா. கூடவே, நீ தனி ஆள் அல்ல, ஏழாயிரம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்ற சேதி. வாழ்க்கையின் நோக்கம் என்று ஆண்கள் தேடுவது பெரும்பாலும் ஊர் பார்க்கும்படியான ஒன்றை. கிடைப்பது பெயர்களாகத்தான்.

ஆகவே ஒரு அட்டை, மூன்று வரி. முதல் வரி வீட்டில் ஒரு ஆள், அவருக்காக வாரத்தில் எந்த நாள், எந்த மணி, என்ன செய்வேன். 'பிள்ளைங்கள நல்லா பாத்துக்குவேன்' என்பது செல்லாது. 'செவ்வாய், வியாழன் மாலை ஏழு முதல் எட்டு வரை மகளுக்குக் கணக்கு, போன் அலமாரியில்' என்பது செல்லும். இரண்டாம் வரி கைத்தொழில் அல்லது வேலை: வேலையில்லாதவர் யாரை, என்றைக்குப் போய்ப் பார்ப்பார். கடன் இருந்தால் யாருக்கு, மாதம் எவ்வளவு. மூன்றாம் வரி வெளியே ஒருவருக்கு உதவி. பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸில் மாணவர் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கியது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக ஏழைகள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதே அதன் முதல் வேலை. குடியை விட்டவர்களுக்கு இது மிகப் பொருந்துகிறது என்பது எங்கள் துணிபு. மாலை நேரம் நிரம்புகிறது, கூட ஒருவர் இருக்கிறார், தன்னைவிட நொந்தவரைப் பார்க்க முடிகிறது.

அட்டைக்குக் கெடு முப்பது நாள். 'சாகும்வரை தொடமாட்டேன்' என்று கொடிமரத்தடியில் சத்தியம் செய்ய விடாதீர்கள். அழுகையில் செய்த அந்தச் சத்தியம் ஒரு தடவை உடைந்தால், 'மாதாவையே ஏமாத்திட்டேன், இனி என்ன' என்று முன்னைவிட மோசமாக விழுகிறார்கள். இன்று ஒரு நாள் என்பதே ஏஏ வழி. அதையே மாதாவிடம் தினமும் காலையில் சொல்லட்டும்.

திரும்பும் பயணம்தான் சறுக்குமிடம். எல்லாரும் ஒரே வண்டியில், காலையிலேயே ஏறி, இருட்டுவதற்குள் வீடு சேரும்படி. நாகை பஸ் ஸ்டாண்டில் தனியாக இறங்கிவிட யாரையும் அனுமதிக்க வேண்டாம். கையில் செலவுக்கு மேல் பணம் வேண்டாம். ஒவ்வொருவர் போனிலும் மூன்று எண்: ஜோடி, பொறுப்பாளர், ஊருக்குப் பக்கத்து ஏஏ குழு.

வந்த ஏழாம் நாள் அவரவர் பங்கிலோ பொதுவாக ஓரிடத்திலோ கூட்டம், அட்டையோடு. பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். ஒவ்வொரு கூட்டமும் ஒன்றரை மணிக்கு மேல் போகக் கூடாது, டீயும் சுண்டலும் இருக்க வேண்டும். வராதவருக்குப் போன் போட்டால் 'வேலை இருந்துச்சுண்ணே' என்பார். போன் வேண்டாம். மறுநாளே இரண்டு பேர் அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். காலை பதினொரு மணிக்குள் போங்கள். கடை பன்னிரண்டுக்குத் திறக்கிறது.